நேயர் விருப்பம்: ஜும்ரி தலையாவின் அஞ்சலட்டைகள்

1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுப்பதாகக் கருதினார். படத் தயாரிப்பாளர்களுடனான பூசலும் சேர்ந்துகொள்ள, அகில இந்திய வானொலியில் திரையிசை அருகிப்போனது; செவ்வியல் இசை அவ்விடத்தை நிரப்பியது. நேயர்களோ வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினர். அவ்வாண்டு டிசம்பரில் அங்கே தொடங்கிய ‘பினாகா கீத்மாலா’, அமீன் சயானியின் குரலில், புதன்கிழமை இரவுகளைத் தனதாக்கிக்கொண்டது. 1957 அக்டோபர் 3 அன்று பிறந்த விவித் பாரதி, அரசு தன் நேயர்களுக்கு இணங்கியதன் சான்று.

இந்த வரலாற்றில் அமைச்சருக்கு நிகராக வைத்து எண்ணத்தக்கது ஓர் ஊர்: ஜும்ரி தலையா. அன்றைய பீகாரில், இன்றைய ஜார்க்கண்டின் கோடர்மா மாவட்டத்தில் உள்ள மைக்காச் சுரங்க நகரம் அது. அங்கிருந்து வந்து குவிந்த விருப்ப அட்டைகளால் அதன் பெயர் ஓயாமல் ஒலித்தது. அப்படியோர் ஊர் மெய்யாகவே உண்டா என்று பலரும் ஐயுற்றனர்.

பிடித்த பாடல் என்றேனும் தானாகவே ஒலித்திருக்கும். ஆயினும் அட்டை எழுதினார்கள். ‘இது எனக்குப் பிடித்தது, நீங்களும் கேளுங்கள்’ என்று முன்பின் அறியாதவர்களிடம் சொல்லவும், தம் பெயரும் ஊரும் காற்றில் ஒலிக்கக் கேட்கவும் அவர்களுக்கு இருந்த வழி அதுவே.

நம் இசை வரலாறுகள் பாடியவர்களைப் பதிவுசெய்தன, கேட்டவர்களை விட்டுவிட்டன. உங்கள் வீட்டுப் பரணில் பாட்டுப் பட்டியல் எழுதிய பழைய நோட்டு இருக்கலாம். எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், அதுவும் ஆவணமே.