கடலடி ஒயின் முதிர்விப்பு

ஒயின், ஷாம்பெயின் புட்டிகளைக் கடலின் அடித்தரையில் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ வைத்து முதிரச் செய்யும் முறை. நிலவறையில் அரும்பாடுபட்டு உண்டாக்கும் இருளும் குளிர்ச்சியும் மாறாத வெப்பநிலையும் கடலடியில் இயல்பாகவே கிடைக்கின்றன. இந்த முறைக்கு வழிகாட்டியவை மூழ்கிய கப்பல்கள்தாம்.

1916இல் யோன்ஷோப்பிங் என்ற சுவீடன் நாட்டுப் பாய்மரக் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்று பால்டிக் கடலில் மூழ்கடித்தது. அதிலிருந்த 1907ஆம் ஆண்டு ஹைட்சீக் ஷாம்பெயின், 1998இல் 60 மீட்டருக்கும் கீழிருந்து மீட்கப்பட்டபோது குடிக்கத்தக்கதாகவே இருந்தது.

இதையும் விஞ்சியது 2010ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு. பின்லாந்தின் ஓலந்து தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்தில், மூழ்கிய கப்பல் ஒன்றில் 170 ஆண்டுகள் கிடந்த 168 புட்டிகளை முக்குளிப்போர் கண்டெடுத்தனர். மேலே ஒட்டியிருந்த சீட்டுகள் அழிந்துவிட்டன. தக்கையில் பொறித்த முத்திரைகளே வவ் கிளிக்கோ, ஹைட்சீக், ஜுக்லார் என்று தயாரிப்பாளர்களைக் காட்டிக்கொடுத்தன. 2011இல் ஒரு புட்டி 30,000 யூரோவுக்கு ஏலம்போனது. பிரான்சின் ரைம்ஸ் பல்கலைக்கழகத்து வேதியியலாளர் பிலிப் ஜாந்தே குழுவினரின் ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஷாம்பெயினில் லிட்டருக்கு ஏறத்தாழ 150 கிராம் சர்க்கரை இருந்தது. இன்றைய 'புரூட்' வகைக்கு உச்ச அளவே 12 கிராம்தான். திறந்தவுடன் பாலாடைக்கட்டியும் ஈரமுடியும் போல நாறிய அது, குவளையில் சுழற்றிக் காற்றுப்பட்டதும் புகையும் தோலும் கலந்த மணத்துக்கு மாறியது. அந்தக் காலத்து மக்களின் இனிப்பு நாவை இது துல்லியமாகச் சொல்கிறது.

திட்டமிட்ட முயற்சிகள் ஓலந்து கண்டுபிடிப்புக்குச் சற்று முன்பே தொடங்கிவிட்டன. இத்தாலியின் பிசோன் நிறுவனம் 2009இல் போர்ட்டோபினோ கடலில் 60 மீட்டர் ஆழத்தில் புட்டிகளை இறக்கியது. வவ் கிளிக்கோ 2014இல் ஓலந்துக்கே திரும்பிவந்து, 40 மீட்டர் ஆழத்தில் தன் புட்டிகளை வைத்து, நிலவறைப் புட்டிகளோடு ஒப்பிடும் நீண்டகாலச் சோதனையைத் தொடங்கியது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் நீரழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடும். வெளியழுத்தம் புட்டியின் உள்ளழுத்தத்தை நெருங்குவதால் வாயுக்கசிவு குறையும் என்பது எதிர்பார்ப்பு.

அலையாட்டம் சுவையைக் கூட்டுகிறது என்ற விற்பனையாளர் கூற்றை அப்படியே ஏற்க இயலாது. கப்பல் புட்டிகள் மெய்ப்பித்தது ஒயின் கெடாமல் நிலைத்ததை மட்டுமே.

அமெரிக்க மதுக் கட்டுப்பாட்டுத் துறை, கடல்நீர் உள்ளே புகும் அபாயத்தைச் சுட்டி 2015இல் எச்சரித்தது. கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா அருகே அனுமதியின்றிக் கடலடியில் முதிர்வித்த ஏறத்தாழ 2,000 புட்டி மதுவை அதிகாரிகள் 2023இல் கொட்டி அழித்தனர்.