விடுமுறைச் செலவு: ஊரும் நாடும் அயல்நாடும்

பழந்தமிழில் 'செலவு' என்றால் பயணம். செல்லுதல் என்னும் வினையடியாகப் பிறந்த சொல் அது. தலைவியைப் பிரிந்து செல்லக் கருதிய தலைவன் மனம் வாராமல் தயங்கி நிற்பதைச் 'செலவழுங்குதல்' என்று அகப்பொருள் நூல்கள் ஒரு துறையாகவே வகுத்துள்ளன. அதே சொல் இன்று கையிலுள்ள பணம் கரைவதைக் குறிக்கின்றது. கோடை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ ஒரு தமிழ்க் குடும்பம் கூடியமர்ந்து பேசும்போது, சொல்லின் பழம்பொருளும் புதுப்பொருளும் ஒருசேர வந்து முன்னிற்கின்றன. சிங்கப்பூருக்கா, சிம்லாவுக்கா, ஊருக்கா என்னும் அந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. அதனைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

நம் முன்னோர் ஓய்வுக்காகவும் இன்பத்திற்காகவும் நெடும்பயணம் மேற்கொண்டனரா? தொல்காப்பியர் பிரிவுக்குரிய காரணங்களாக ஓதல், பகை, தூது, பொருள் முதலியவற்றைச் சொல்கின்றார். அந்தப் பட்டியலில் ஓய்வுக்கு இடமில்லை. மகளிரோடு முந்நீர் வழிச் செல்லும் வழக்கம் இல்லை என்னும் பொருள்பட ஒரு நூற்பாவும் அகத்திணையியலில் உண்டு. அதில் வரும் 'முந்நீர்' கடலைத்தான் குறிக்கின்றதா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர். கடல் என்றே கொண்டால், குடும்பத்தோடு அயல்நாடு போய் மகிழ்ந்து வருதல் அக்காலத்தார் கணக்கிலேயே இல்லை என்பது போதரும். அவர்களுடைய களிப்பெல்லாம் உள்ளூரில் இருந்தது. வையையில் புதுப்புனல் வந்தால் மதுரை முழுவதும் ஆற்றங்கரையில் கூடியதைப் பரிபாடல் காட்டும். புகார் நகரத்து மக்கள் இந்திர விழாவின் முடிவில் கடலாடச் சென்றனர். கோவலனும் மாதவியும் சென்ற அந்தச் சிறு உலா எப்படி முடிந்தது என்பதை நாமறிவோம். உள்ளூர் விடுமுறை எப்போதும் கேடற்றது என்று சொல்லிவிடவும் முடியாது!

நெடும்பயணத்திற்கு வாயில் திறந்தது தலயாத்திரை. இதற்கு மிக நல்ல சான்று சென்னையிலேயே கிடைக்கின்றது. சென்னை உச்ச நீதிமன்றத்தில் அலுவல் பார்த்த ஏனுகுல வீராசாமி என்பவர், பெருங்கூட்டமாக உற்றாரையும் பணியாட்களையும் அழைத்துக்கொண்டு 1830 மே மாதம் காசிக்குப் புறப்பட்டார். திரும்பி வந்து சேர்ந்தது 1831 செப்டம்பரில். பதினைந்து மாதங்களுக்கு மேல் ஆயிற்று. வழியில் கண்ட ஊர், சாவடி, தண்ணீர், விலைவாசி, வழக்கங்கள் ஆகியவற்றை அவர் தெலுங்கில் எழுதி வைத்தார். அது 1838-இல் நூலாயிற்று. அதைப் படிக்கையில் ஒன்று தோன்றுகின்றது. அவருக்குக் காசி அயல்நாடும் அன்று, சொந்த ஊரும் அன்று. மொழி வேறு, உணவு வேறு. ஆனால் கோயில் தன் கோயில், ஆறு தன் ஆறு. 'இந்தியாவைச் சுற்றிப் பார்த்தல்' என்று இன்று நாம் சொல்வதன் கரு இந்த யாத்திரைதான் என்பது என் எண்ணம். 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய இரயில், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பம்பாயோடு இணைந்துவிட்டது. வீராசாமிக்குப் பல மாதங்களாகிய வழி, பேரப்பிள்ளைகள் காலத்தில் சில நாட்களாகச் சுருங்கியது.

இனி, உள்நாடா அயல்நாடா என்னும் கேள்வியை இந்த மண்ணில் முதன்முதலாக வேதனையோடு கேட்டவர்கள் யார் என்று பார்த்தால், வியப்பாக இருக்கின்றது: நம்மை ஆள வந்த ஆங்கிலேயர்கள்! அவர்களுக்குச் சொந்த நாடு என்பதே கடலுக்கு அப்பால். பாய்க்கப்பலில் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை ஆகும். விடுப்பில் போய் வருவதற்குள் ஓராண்டு கடலிலேயே கழிந்துவிடும். கிழக்கிந்தியக் கம்பெனியின் விதி வேறு குறுக்கே நின்றது. ஊழியர் ஒருவர் நன்னம்பிக்கை முனைக்கு மேற்கே சென்றுவிட்டால் இந்தியப் படிகளை இழக்க நேரும். முனையோடு நின்றுகொண்டால் இழப்பில்லை. அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், உடல்நலம் குன்றிய கம்பெனி அலுவலர் பலர் கேப் டவுனில் விடுப்பைக் கழித்தனர். தாய்நாட்டை நோக்கிப் பாதி வழி வந்து, விதிக்கு அஞ்சி அங்கேயே தங்கி, மீண்டும் கிழக்கே கப்பலேறினர். எது உள்நாடு, எது வெளிநாடு என்பதை நிலப்படத்தைவிடச் சம்பளப் பட்டியலே தீர்மானித்தது. இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நம் காலத்திலும் அது திரும்ப வரும்.

போக முடியாத தாய்நாட்டை இங்கேயே உண்டாக்கிக்கொள்வது மற்றொரு வழி. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி ஏறினார். சில ஆண்டுகளில் உதகையில் வீடு கட்டி, ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டு, ஏரியும் வெட்டுவித்தார். வடக்கே சிம்லாவில் கேப்டன் கென்னடி 1822-இல் வீடு கட்டினார். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் நோய்க்கும் சாவுக்கும் அஞ்சி முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்து, அங்கும் காய்ச்சல் விடாததால், 1845-இல் கொடைக்கானலில் வீடுகள் அமைத்தனர். உல்லாசத்திற்காகப் பிறந்த ஊரன்று கொடைக்கானல். குழந்தைகளைப் புதைத்துச் சலித்த பெற்றோர் தேடிப்போன குளிர்ந்த இடம் அது. இன்று ஏரியில் படகோட்டும்போது இது நினைவுக்கு வருவதில்லை. தோடரும் கோத்தரும் படகரும் நீலகிரியைத் தம் ஊராகக் கொண்டு வாழ்ந்திருந்தனர் என்பதும் அப்படியே மறக்கப்படுகின்றது.

1864 முதல் சிம்லா இந்திய அரசின் கோடைத் தலைநகராயிற்று. 1870 முதல் சென்னை அரசும் கோடையில் உதகைக்கு ஏறியது. இடையில் 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது; பம்பாயிலிருந்து இங்கிலாந்து மூன்று வாரத் தொலைவுக்கு வந்துவிட்டது. இனி மலைவாசத்தை யார் நாடுவர் என்று எண்ணத் தோன்றும். நிகழ்ந்தது வேறு. டார்ஜிலிங்குக்கு 1881-இலும், குன்னூருக்கு 1899-இலும், சிம்லாவுக்கு 1903-இலும், உதகைக்கு 1908-இலும் மலை இரயில்கள் வந்தன. அயல்நாட்டு வழி எளிதானதும் உள்நாட்டு விடுமுறை அழியவில்லை. இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன. கூடவே, கோப்புப் பெட்டிகளோடு ஆண்டுதோறும் சிம்லா ஏறி இறங்கிய எழுத்தர் கூட்டத்தில் சென்னை மாகாணத்தாரும் இருந்தனர். அவர்களுக்கு மலைவாசம் விடுமுறையாக இருக்கவில்லை. விடுமுறை என்றால் இரயிலேறித் தெற்கே வருவது. 1929-இல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் பின்னாளில் தில்லிக்கும் சென்னைக்கும் உரியதாகி, மூன்று தலைமுறைத் தமிழரை மண்கூஜாவோடும் புளியோதரை மூட்டையோடும் சுமந்தது. 1976-இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்தபோது பயண நேரம் குறைந்தது என்று மகிழ்ந்தோம்.

விடுதலைக்குப் பின் இக்கேள்வி அரசின் கேள்வியாயிற்று. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், 1957-இல், அந்நியச் செலாவணி தட்டுப்பாடு முற்றியது. எந்திரமும் உணவு தானியமும் வாங்கப் பணமில்லாதபோது, ஒருவர் பாரிஸ் நகரைப் பார்த்து வர டாலர் கொடுப்பது எங்ஙனம்? அறுபதுகளிலும் எழுபதுகளிலும் விமானம் ஏறியவர்களைக் கேட்டால், கையில் எடுத்துச்செல்ல விட்ட எட்டு டாலரைப் பற்றி இன்றும் கதைகதையாகச் சொல்வர். அயல்நாட்டில் உறவினர் உள்ளவரே போகலாம் என்பதுதான் நடைமுறையில் அதற்குப் பொருள். 1979-இல் அயல்நாட்டுப் பயண வரியும் விதிக்கப்பட்டது. கடவுச்சீட்டு நெடுங்காலம் அரசின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. அயல்நாடு செல்லும் உரிமை தனிமனித விடுதலையின் பகுதியே என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே, அதே ஆண்டில் கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. உரிமை உண்டு, டாலர் இல்லை என்னும் விந்தையான நிலை அடுத்த கால் நூற்றாண்டு நீடித்தது.

நம் நாடு மட்டுமே இப்படிக் கஞ்சத்தனம் செய்தது என்று எண்ணவேண்டா. பிரிட்டன் 1966-இல் தன் மக்கள் ஸ்டெர்லிங் வட்டாரத்திற்கு வெளியே விடுமுறைக்குக் கொண்டுபோகும் தொகையை ஐம்பது பவுனாகக் குறைத்தது. பிரான்சு 1983-இல் ஆளுக்கு இரண்டாயிரம் பிராங்கு என்று வரையறுத்து, பெருங்கூச்சல் எழவே அவ்வாண்டிலேயே கைவிட்டது. விடுமுறைப் பயணம் என்பது கணக்குப் பார்த்தால் ஓர் இறக்குமதி. நாணயம் நலிந்த நாடு முதலில் கை வைப்பது அதன்மீதுதான். தேசபக்தி என்னும் பெயரில் உள்நாட்டுப் பயணம் போற்றப்படும் இடங்களில், பின்னால் பெரும்பாலும் ஒரு செலாவணிக் கணக்கு இருக்கும். அதனால் அந்தப் பேச்சு பொய் என்று நான் சொல்லவில்லை. 1991-இல் தங்கத்தை அடகு வைக்க நேர்ந்த நாட்டில் அக்கணக்கைச் சிறுமையாகக் கருதவும் இயலாது.

அந்த 1991-க்குப் பின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2004-இல் ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்றாயிற்று. அது 2015-இல் 2,50,000 ஆக உயர்ந்தது. எட்டு டாலரை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படிக்கையில் சிறிது மயக்கமே வருகின்றது. 2019 விடுதலை நாள் உரையில், 2022-க்குள் உள்நாட்டில் பதினைந்து இடங்களையேனும் பார்க்குமாறு பிரதமர் மக்களைக் கேட்டுக்கொண்டார். தடுப்பதற்கு விதி இல்லாதபோது வேண்டுகோள் வருகின்றது.

புலம்பெயர்ந்து வாழும் நம்மைப் பொறுத்தவரை, இவ்வரலாற்றில் மிகவும் நெருங்கிய ஏடு ஒன்று உண்டு. 1956-இல் மத்திய அரசு தன் ஊழியருக்கு விடுமுறைப் பயணச் சலுகை அளித்தது. அதன் முதல் வடிவம் சொந்த ஊர் சென்று வருவதற்கே. நாட்டில் எங்கும் போகலாம் என்னும் சலுகை பிறகுதான் சேர்ந்தது. அயல்நாடு எந்நாளும் சேரவில்லை. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த ஒரு வழக்கு இதைத் தெளிவாக்கியது. பாரத ஸ்டேட் வங்கி அலுவலர் சிலர் இச்சலுகையில் வளைந்த வழிகளில் பயணம் செய்திருந்தனர். அவற்றுள் ஒன்று தில்லியிலிருந்து மதுரை, அங்கிருந்து கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், மீண்டும் கொழும்பு வழியாகத் தில்லி! 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம் தந்த விலக்கு இந்தியாவிற்குள், குறுகிய வழியில் செல்லும் பயணத்திற்கே உரியது. அயல்நாட்டுச் சுற்றைச் சேர்த்தால் விலக்கு இல்லை. எனவே வங்கி வரியைப் பிடித்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. சட்டம் சரியே. ஆயினும் தில்லிக்கும் மதுரைக்கும் நடுவே சிங்கப்பூரை நுழைத்த அந்த வழித்தடத்தைப் பார்க்கையில், நன்னம்பிக்கை முனையில் தங்கிய கம்பெனி அலுவலர்தாம் நினைவுக்கு வருகின்றனர். விதியின் ஓரத்தில் நின்றபடியே மனத்துக்கு வேண்டியதை எட்டிப் பிடிக்க முயன்றவர்கள் இருவரும்.

இச்சலுகைக்காக ஊழியர் ஒவ்வொருவரும் தம் 'சொந்த ஊர்' எது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பணிக்காலம் முழுவதிலும் ஒரே ஒருமுறைதான் மாற்றலாம், அதுவும் தக்க காரணம் காட்டி. என் தந்தையார் கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரின் பெயரை எழுதியிருந்தார். இரண்டாண்டுக்கு ஒருமுறை நாங்கள் அங்கே போனோம். எனக்கு அது விடுமுறையாகவே தோன்றியதில்லை. உடன் படித்தவர்கள் நைனிடாலையும் முசௌரியையும் பற்றிப் பேசுகையில், நான் கோயில் குளத்தையும், பாட்டியார் மருந்து கேட்டு எழுதிய பட்டியலையும், ஒரு கலியாணத்தையும் இரண்டு திதிகளையும் பற்றி என்ன சொல்வது? ஊருக்குப் போவது ஒரு கடன். பார்க்கப் போவது வேறு, பார்க்கப்படப் போவது வேறு. நம் இல்லங்களில் இன்று நடக்கும் வழக்கில் பெற்றோர் ஊர் என்கின்றனர், பிள்ளைகள் பாங்காக் என்கின்றனர். 'உள்நாடு' என்று பெரியவர் சொல்வதில் பத்துப் பங்கில் ஒன்பது அந்த ஒரே ஊர்தான் என்பதைப் பிள்ளைகள் கண்டுகொண்டுவிட்டனர். அவர்களைக் குறை கூறுதல் எளிது. தஞ்சைப் பெரிய கோயிலையும் ஹம்பியையும் கண்டிராத பெற்றோரும் நம்மில் பலர் உண்டு. ஊருக்குப் போய்த் திரும்பும் வழியில் இறங்கிப் பார்க்க நமக்கு நேரமே இருந்ததில்லை.

எழுபதுகளின் இறுதியில் பாட்டியார் காலமானார். வீடு கைமாறிற்று. அதற்குப் பின் அந்த ஊரில் எங்களுக்கு இறங்க இடமில்லை. கும்பகோணத்தில் விடுதியில் தங்கி, பகலில் போய்க் கோயிலைப் பார்த்துத் திரும்பினோம். ஊரைச் சென்னை என்று மாற்றி எழுதினால் பயணம் எளிதாகும், அத்தையும் அங்கேதான் இருக்கின்றாள் என்று என் தாயார் பலமுறை சொன்னதுண்டு. அலுவலகத்தில் படிவமும் வாங்கி வந்தார் என் தந்தையார். ஓய்வு பெற்ற நாளில் அவருடைய மேசையிலிருந்து நாங்கள் எடுத்து வந்த காகிதங்களுள் அது எழுதப்படாமலே இருந்தது.