குறைஞ்சது காத்தா, கூடினது கணக்கா? ஒரு டர்போ எரர் கோடும் அதுக்குப் பின்னாடி இருக்கிற நூறு வருஷக் கதையும்

இன்னைக்கு எபிசோடு ஒரு டீசல் காரோட எரர் கோடுல ஆரம்பிச்சு, 1905-ல ஒரு சுவிஸ் இன்ஜினியர் வாங்கின பேட்டன்ட்டுக்குப் போய், திரும்ப அதே காருக்கு வரும்.

முதல்ல கார். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின டீசல் ஹேட்ச்பேக். முன்னாடி வச்சிருந்தவர் அதை ரீமேப் பண்ணியிருந்தார். ரீமேப்னா, இன்ஜினை ஓட்டுற கம்ப்யூட்டருக்குள்ள, அதாவது ஈசியூக்குள்ள, இருக்கிற அட்டவணைகளை மாத்தி எழுதறது. டீசல் கொஞ்சம் கூட, டர்போ தர்ற காத்து கொஞ்சம் கூட, அதனால இழுவையும் கூட. சென்னையில அந்த வண்டி ஒரு குறையும் வைக்கல.

குன்னூரைத் தாண்டி ஊட்டிக்கு ஏறும்போதுதான் பிரச்சினை. முன்னாடி போன பஸ்ஸை ஓவர்டேக் பண்ண ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சேன். ரெண்டு செகண்ட் பாய்ஞ்சுது. அப்புறம் யாரோ பின்னாடி இருந்து பிடிச்சு இழுத்த மாதிரி அப்படியே அடங்கிப் போச்சு. எதிர்ல லாரி. பஸ் டிரைவர் புண்ணியத்துல, அவர் கொஞ்சம் வேகம் குறைச்சதால, திரும்பப் பின்னாடி ஒதுங்க முடிஞ்சது. ஓரமா நிறுத்தி, வண்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். சரியாயிடுச்சு! நம்ம ஆபீஸ்ல பாதி பிரச்சினைக்குச் சொல்ற அதே வைத்தியம். ஆனா அடுத்த ஏத்தத்துல மறுபடியும் அதே கதை.

மேட்டுப்பாளையத்துல ஒரு மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார். பி0299. டர்போ அண்டர்பூஸ்ட். "தம்பி, டர்போ போச்சு. மாத்திடுங்க"ன்னார். அவர் சொன்ன தொகை என் ஒரு மாசச் சம்பளத்தைத் தாண்டிச்சு. "அண்ணே, ஒரு வாரம் டைம் குடுங்க"ன்னு சொல்லிட்டு வந்தேன். அந்த ஒரு வாரம் படிச்சதுதான் இந்த எபிசோடு.

பூஸ்ட்னா என்ன? சச்சின் விளம்பரத்துல வந்த பூஸ்ட் இல்ல. இன்ஜின் தானா மூச்சு இழுத்தா வெளிக்காத்தோட அழுத்தம்தான் உள்ள கிடைக்கும். அதுக்கு மேல டர்போ அமுக்கித் தர்றதுதான் பூஸ்ட். சுவிட்சர்லாந்துல ஆல்ஃபிரட் பூகி யோசிச்சது இதைத்தான். இன்ஜின்ல எரியற எரிபொருளோட சூட்டுல பெரிய பங்கு சைலன்ஸர் வழியா வீணா வெளியே போகுது. அந்தப் புகையை வச்சே ஒரு டர்பைனைச் சுத்தி, அதே தண்டுல இருக்கிற இன்னொரு சக்கரத்தால காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள அனுப்பினா? 1905-ல பேட்டன்ட் வாங்கிட்டார். ஆனா அந்தச் சூட்டையும் வேகத்தையும் தாங்குற உலோகமும் பேரிங்கும் அப்போ இல்ல. யோசனை நிஜமா ஜெயிக்க இருபது வருஷம் ஆச்சு. 1920கள்ல 'பிராய்சன்', 'ஹான்சஸ்டாட் டான்ஸிக்'னு ரெண்டு ஜெர்மன் கப்பல்களோட பத்து சிலிண்டர் டீசல் இன்ஜின்கள்ல அவரோட டர்போ ஏறுச்சு. 1750 குதிரைத்திறன் இன்ஜின் 2500 குதிரைத்திறன் கொடுத்துச்சு.

கப்பல் எப்பவும் கடல் மட்டத்துல இருக்கும். என் கார் நின்னது மலையில. அதனால இந்தக் கதையில எனக்கு முக்கியமான ஆள் பூகி இல்ல, அமெரிக்காவுல ஜெனரல் எலெக்ட்ரிக்ல வேலை பார்த்த சான்ஃபோர்ட் மாஸ்.

முதல் உலகப் போர்ல விமானங்களுக்கு ஒரு தலைவலி இருந்துச்சு. மேல போகப் போக காத்து லேசாகும், இன்ஜின் திணறும். டர்போ வச்சா அந்தக் குறையை ஈடு கட்டலாம்னு மாஸ் சொன்னார். எப்படி நிரூபிக்கிறது? 1918-ல ஒரு லிபர்ட்டி விமான இன்ஜினை லாரியில ஏத்தி, கொலராடோவுல இருக்கிற பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டு போனாங்க. 14,000 அடிக்கு மேல. அங்க டர்போ இல்லாம ஓட்டினாங்க, டர்போவோட ஓட்டினாங்க. டர்போ இருக்கும்போது, மலை உச்சியில இழந்த சக்தியை இன்ஜின் திரும்பப் பிடிச்சுது. கவனிங்க, மாஸ் கேட்டது கூடுதல் காத்து இல்ல. தொலைஞ்ச காத்தைத்தான் திரும்பக் கேட்டார். அதுக்கே மலை மேல டர்போ ரொம்ப உழைக்க வேண்டியிருந்தது. இந்த விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க.

அடுத்தது 1962. சாதாரண மக்கள் வாங்குற காருக்கு டர்போ வந்த வருஷம். ஜெனரல் மோட்டார்ஸோட ரெண்டு பிராண்டுகள், ஆல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரும் ஷெவர்லே கோர்வேரும். ஜெட்ஃபயர் கதை சுவாரஸ்யமானது. அந்த பெட்ரோல் இன்ஜின் டர்போவோட சேர்ந்தா 'நாக்கிங்' வரும்னு, தண்ணியும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை உள்ள தெளிச்சாங்க. அந்தத் திரவத்துக்குத் தனி டேங்க். டேங்க் காலியானா ஒரு வால்வு பூஸ்ட்டைத் தானா குறைச்சிடும். என் கண்ணுக்கு அதுதான் இன்னைக்கு நாம சொல்ற லிம்ப் மோடோட தாத்தா. ஓனர்கள்ல நிறைய பேர் அந்த டேங்க்கை நிரப்பவே இல்ல. வண்டி இழுக்கலன்னு கம்ப்ளெய்ன்ட் மட்டும் பண்ணாங்க. கடைசியில கம்பெனியே டர்போவைக் கழட்டிட்டு சாதாரண கார்புரேட்டர் மாட்டித் தர வேண்டியதாச்சு.

டீசல் காருக்கு டர்போ வந்தது 1978-ல, அமெரிக்காவுக்காக மெர்சிடிஸ் பண்ணின 300 எஸ்டி-யில. அந்தக் காலத்துல பூஸ்ட் எவ்வளவு இருக்கணும்னு முடிவு பண்ணினது ஒரு ஸ்பிரிங். வேஸ்ட்கேட்னு ஒரு கதவு, அதைப் பிடிச்சு வச்சிருக்கிற ஸ்பிரிங். அழுத்தம் ஸ்பிரிங்கை ஜெயிச்சா கதவு திறக்கும், புகை டர்பைனைச் சுத்தி வெளியே போயிடும். சக்தி வேணும்னா மெக்கானிக் ஸ்பிரிங்கை இறுக்குவார், இல்ல டீசல் பம்ப்ல இருக்கிற ஸ்க்ரூவைத் திருகுவார். கறுப்புப் புகை வந்தா ஓவரா திருகிட்டோம்னு அர்த்தம். எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

1989-ல ஆடி 100 டிடிஐ வந்துச்சு. 2.5 லிட்டர், அஞ்சு சிலிண்டர், 120 குதிரைத்திறன். டீசல் எவ்வளவு போகணும்னு அதுல கம்ப்யூட்டர் முடிவு பண்ணுச்சு. 90கள்ல ஃபோக்ஸ்வாகனோட 1.9 டிடிஐ மாதிரி இன்ஜின்கள்ல அடுத்த படி: டர்பைனைச் சுத்தி நகரக்கூடிய சின்னச் சின்ன இறக்கைகள். ஹோஸ் பைப் வாயை விரலால பாதி அடைச்சா தண்ணி எப்படிப் பீய்ச்சி அடிக்குதோ, அதே மாதிரி குறைஞ்ச புகையையும் வேகமா டர்பைன் மேல அடிக்க வைக்கிற ஏற்பாடு. 1.9 லிட்டர்ல 90 குதிரைத்திறன் இருந்தது 110 ஆச்சு. அந்த இறக்கைகளை நகர்த்துறது ஒரு வேக்குவம் ஆக்சுவேட்டர். அதுக்கு எவ்வளவு வேக்குவம் போகணும்னு ஒரு சோலனாய்டு வால்வு வழியா சொல்றது ஈசியூ.

இங்கதான் கதை திரும்புது. ஸ்பிரிங் போய் அட்டவணை வந்துடுச்சு. இந்த ஆர்பிஎம், இவ்வளவு டீசல், அப்போ இவ்வளவு பூஸ்ட் வேணும். இது 'கேட்ட பூஸ்ட்'. சென்சார் அளந்து சொல்றது 'கிடைச்ச பூஸ்ட்'. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் கொஞ்ச நேரத்துக்கு மேல நீடிச்சா, எரர் கோடு, லிம்ப் மோடு. அட்டவணை மெமரியில இருக்கிறதால அதை மாத்தவும் முடியும். முதல்ல சிப்பையே கழட்டி மாத்தினாங்க. ஃப்ளாஷ் மெமரி வந்த பிறகு டேஷ்போர்டுக்குக் கீழ இருக்கிற ஓபிடி சாக்கெட் வழியாவே எழுதிட்டாங்க.

அந்த சாக்கெட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கு. அது மெக்கானிக் வசதிக்காகப் பிறந்தது இல்ல. கலிஃபோர்னியாவோட புகைமூட்டப் பிரச்சினையில பிறந்தது. கார் தன்னோட மாசுக் கட்டுப்பாடு கெட்டுப் போச்சான்னு தானே கவனிச்சுச் சொல்லணும்னு சட்டம் கேட்டுச்சு. 1996-ல இருந்து அமெரிக்காவுல விக்கிற எல்லாப் புதுக் கார்லயும் ஓபிடி 2 கட்டாயம். அதாவது எரர் கோடு சொல்றது 'இந்தப் பாகத்தை மாத்து'ன்னு இல்ல. 'எதிர்பார்த்த கணக்குக்கும் நிஜத்துக்கும் ஒத்து வரல'ன்னு மட்டும்தான்.

டெஸ்ட் எழுதுற டெவலப்பர்களுக்கு இது உடனே புரியும். டெஸ்ட் ஃபெயில் ஆனா கோடு தப்பா இருக்கலாம். இல்ல, டெஸ்ட்ல நாம எழுதின எதிர்பார்ப்பே தப்பா இருக்கலாம். ரீமேப் பண்ணின கார்ல அந்த எதிர்பார்ப்பை யாரோ மாத்தி எழுதியிருக்காங்க. டர்போவைக் கழட்டுறதுக்கு முன்னாடி அதைப் பார்க்க வேண்டாமா?

அதுக்காக நேரா சாஃப்ட்வேர் மேல பழி போட முடியாது. முதல்ல மலிவான சந்தேகங்கள். டர்போல இருந்து இன்டர்கூலர், அங்கிருந்து இன்ஜின் வரைக்கும் ஹோஸ், கிளாம்ப் எல்லாத்தையும் பார்த்தோம். கிழிசல் இருந்தா அங்க எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். புகை விட்டுச் சோதிச்சோம், எங்கயும் லீக் இல்ல. அடுத்து வேக்குவம் டியூப். விரல் தடிமன்கூட இல்லாத ரப்பர். அது வெடிச்சா இறக்கைகள் திறந்தே கிடக்கும், பூஸ்ட் ஏறாது. அதுவும் நல்லா இருந்துச்சு. அடுத்து இறக்கைகள்ல கரி பிடிச்சிருக்கா? இப்படிப் பிடிச்சா பெரும்பாலும் நேர்மாறா நடக்கும்: பூஸ்ட் எகிறி, ஓவர்பூஸ்ட்டுக்கான பி0234 வரும். ஆக்சுவேட்டர் கம்பி வழுக்கிக்கிட்டு முழுசா போய் வந்துச்சு. கடைசியா சென்சார். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஆன் பண்ணா, அது அந்த ஊர்க் காத்தழுத்தத்தைக் காட்டணும். காட்டுச்சு.

அப்புறம்தான் லாக். காலியான ரோடு, மூணாவது கியர், 1500 ஆர்பிஎம்-ல இருந்து முழு ஆக்ஸிலரேட்டர். பக்கத்து சீட்ல ஒரு ஃபிரெண்ட் லேப்டாப்போட. சமவெளியில கேட்டது 2300 மில்லிபார், கிடைச்சது 2280. குன்னூருக்கு மேல கேட்டது அதே 2300, கிடைச்சது 2050.

இப்போ சான்ஃபோர்ட் மாஸை நினைச்சுக்கோங்க. இந்த எண்கள்ல வெளிக்காத்தும் சேர்த்திதான். கடல் மட்டத்துல வெளிக்காத்து சுமார் 1010 மில்லிபார். 2300 வேணும்னா டர்போ காத்தை 2.3 மடங்கு அமுக்கினா போதும். அந்த உயரத்துல வெளிக்காத்து சுமார் 800 தான். அதே 2300-க்கு கிட்டத்தட்ட 2.9 மடங்கு. சின்ன டர்போவுக்கு அது எட்டாத கணக்கு. கிடைச்ச 2050-க்கே அது 2.5 மடங்குக்கு மேல உழைச்சிருக்கு. குன்னூர்ல டர்போ சோம்பேறியா இல்ல, சென்னையைவிட அதிகமா வேலை செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அதைத்தான் நாங்க 'போச்சு'ன்னு சொல்லியிருந்தோம்.

கம்பெனி அட்டவணையில இதுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. வெளிக்காத்து குறையக் குறைய கேக்குற பூஸ்ட்டையும் குறைக்கிற இன்னொரு அட்டவணை. கார் கம்பெனிகள் வண்டியை மலை உச்சிக்கும் பாலைவனத்துக்கும் பனிக்கும் கொண்டு போய் ஓட்டிப் பார்க்கிறது இதுக்காகத்தான். என் வண்டியை ரீமேப் பண்ணினவர், யாரா இருந்தாலும், சமவெளியில மட்டும் ஓட்டிப் பார்த்திருக்கணும். பூஸ்ட்டை ஏத்தும்போது அந்த உயர வரம்பையும் தூக்கிட்டார்.

கம்பெனி ஃபைலைத் திரும்ப ஏத்தி அதே ரோட்டுல போனேன். ஏற ஏற, கேட்ட பூஸ்ட் தானா இறங்குச்சு. கிடைச்சது அதைத் தொட்டுக்கிட்டே வந்துச்சு. லிம்ப் மோடு வரல. ஊட்டி போய்ச் சேர்ந்து ஒரு டீ குடிச்சேன். சென்னையில பழைய பாய்ச்சல் இல்லங்கிறதும் உண்மை. அதை ஒத்துக்கிட்டுத்தான் ஓட்டுறேன்.

ஒரு எச்சரிக்கை. என் கார்ல நல்லவேளையா கோடு வந்துச்சு. சில ரீமேப் ஃபைல்கள்ல அந்தக் கோடு வரவே கூடாதுன்னு அணைச்சு வச்சிருப்பாங்க. ஹோஸ் நிஜமாவே கிழிஞ்சாலும் வண்டி வாயே திறக்காது. லைட் எரியலங்கிறதால வண்டி நல்லா இருக்குன்னு ஆகிடாது. சென்சார்லயும் இதே கதை நடக்கலாம். 2.5 பார் வரைக்கும் அளக்குற சென்சாரை வச்சுக்கிட்டு அதுக்கு மேல பூஸ்ட் ஏத்தினா, நிஜத்துல எவ்வளவு இருந்தாலும் அது 2.5 பக்கத்துலயே நின்னுடும். நம்ம பாஷையில சொன்னா, வேரியபிள் அதோட உச்ச மதிப்புல முட்டிக்கிட்டு நிக்குது.

அதனால செகண்ட் ஹேண்ட் டீசல் வாங்குறவங்க முதல்ல கேளுங்க: ரீமேப் பண்ணியிருக்கா, பழைய ஃபைல் கையில இருக்கா? யாராவது டர்போ போச்சுன்னு சொன்னா, கேட்டதும் கிடைச்சதும் ஒரே வரைபடத்துல இருக்கிற லாக்கைக் காட்டச் சொல்லுங்க. நான் மேட்டுப்பாளையம் மெக்கானிக் அண்ணன்கிட்ட என் லாக்கைக் கொண்டு போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அப்போ டர்போ மேல தப்பில்ல, அதுகிட்ட கேட்டவன் மேலதான் தப்பு"ன்னார். பழைய டர்போ இன்னைக்கும் அதே கார்ல ஓடிக்கிட்டு இருக்கு.