பாரமும் பாதையும்

நெடுந்தூரம் களைப்பின்றிச் செல்ல வேண்டுமானால் ஒரு மோட்டார் சைக்கிளுக்குப் பெரிய என்ஜினும், நிறைய பெட்ரோல் கொள்ளும் டேங்கும், எதிர்காற்றைத் தடுக்கும் கண்ணாடியும், மூட்டை முடிச்சுகளுக்குப் பெட்டிகளும், இருவர் நிம்மதியாக அமரும் இருக்கையும் அவசியம். கல்லும் மணலும் சேறும் நிறைந்த தடத்தில் விழாமல் செல்ல வேண்டுமானாலோ, இவற்றுள் பெரும்பாலானவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஓட்டுபவர் தம் உடற்பலத்தாலேயே திருப்பவும் தூக்கி நிறுத்தவும் கூடிய அளவுக்கு வண்டியை லேசாக்குவது அவசியம். ஒன்றுக்கொன்று விரோதமான இவ்விரு தேவைகளையும் ஒரே யந்திரத்தில் இணக்கப்படுத்த முயன்றதன் பலனாகவே, இன்று அட்வெஞ்சர் டூரர் என்று வழங்கும் உயரமான மோட்டார் சைக்கிள் பிறந்தது. அதன் சரித்திரத்தைக் குதிரைசக்தியின் வளர்ச்சியாகச் சொல்லிப் போவது வழக்கமாக இருக்கிறது. ஆனால், அவ்வகைக்கு மூலமாக நின்ற ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. கம்பெனியின் ஜி.எஸ். பரம்பரையை ஆதியிலிருந்து நோக்குவோருக்கு, அது முழுவதும் எடையோடு நடந்த ஒரு நீண்ட போராட்டமாகவே காட்சியளிக்கும் என்பது என் துணிபு.

இத்தகைய வண்டி தோன்றுவதற்கு முன்பே இத்தகைய பிரயாணங்கள் நிகழ்ந்துவிட்டன. புளோரன்ஸ் பிளென்கிரன், தெரசா வாலாக் என்னும் இரு ஆங்கிலப் பெண்மணிகள், 600 சி.சி. பான்தர் வண்டி ஒன்றோடு பக்கவண்டியையும் அதன் பின்னே ஓர் இழுவண்டியையும் பூட்டிக்கொண்டு, 1934 டிசம்பரில் லண்டனிலிருந்து கிளம்பி, சஹாரா பாலைவனத்தை ஊடுருவி, 1935 ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனை அடைந்தார்கள். 1973-ல் புறப்பட்டு நான்காண்டுகள் உலகைச் சுற்றி வந்த டெட் சைமன் என்னும் பத்திரிகையாளருக்கும் 500 சி.சி. டிரையம்ப் ஒன்றே போதுமாயிருந்தது. அவ்வண்டிகளில் எதுவும் அந்தப் பாதைகளை உத்தேசித்துச் செய்யப்பட்டதன்று. யந்திரத்திடம் இல்லாத குணங்களை மனிதரின் பொறுமையும் உடல் வருத்தமுமே ஈடுசெய்தன.

அக்குணங்களுள் சில, வேறொரு நோக்கத்துக்காக முன்னரே ஓர் என்ஜினில் அமைந்திருந்தன. முதல் உலக மகாயுத்தத்தில் விமான என்ஜின் செய்து பேர் பெற்ற பி.எம்.டபிள்யூ., வெர்சேல்ஸ் உடன்படிக்கை அத்தொழிலைத் தடுத்துவிடவே, பிழைப்புக்கு வேறு வழி தேடிற்று. ஒன்றையொன்று எதிர்நோக்கிப் படுத்த இரண்டு சிலிண்டர்கள் கொண்ட பாக்ஸர் என்ஜினை அது முதலில் பிற கம்பெனிகளுக்குச் செய்து விற்றது. அக்கம்பெனிகளின் வண்டிகளில் சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீளவாக்கில் வைக்கப்பட்டிருந்தமையால், பின் சிலிண்டருக்குக் காற்றுப் படாமல் அது அளவுக்கு மீறிச் சூடேறிற்று. மாக்ஸ் ஃபிரிட்ஸ் என்னும் பொறியியல் நிபுணர் அந்த என்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்தார். இரு சிலிண்டர்களும் வண்டியின் இருபுறமும் காற்றில் நீட்டிக்கொண்டு நின்றன. கிராங்க் ஷாஃப்ட் வண்டியின் நீளத்தோடு ஒத்து அமைந்தமையால், செயின் இல்லாமலே ஒரு சுழலும் தண்டின் வழியாகப் பின்சக்கரத்துக்கு விசையைக் கொண்டு சேர்க்க முடிந்தது. 1923-ல் வெளிவந்த ஆர் 32 என்னும் அந்த வண்டியின் என்ஜின் 494 சி.சி., சக்தி எட்டரைக் குதிரை, எடை 122 கிலோ.

பாக்ஸர் அமைப்பின் பெருமை அதன் பாரம் இருக்கும் இடத்தில் இருக்கிறது. நிறைகுடத்தைத் தலையில் சுமப்பதற்கும் இடுப்பில் சுமப்பதற்கும் உள்ள வேறுபாடே, நிமிர்ந்த என்ஜினுக்கும் படுத்த என்ஜினுக்கும் உள்ள வேறுபாடு. எடை ஒன்றாயினும் தாழ்ந்த இடத்தில் அது நிற்கும்போது தடுமாற்றம் குறைகிறது. செயின் இல்லாமையும் அற்ப லாபமன்று. மணலும் சேறும் செயினை விரைவில் தேய்த்துவிடும். அடிக்கடி எண்ணெயிட்டு இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மூடிய கூட்டுக்குள் சுழலும் தண்டுக்கோ இத்தொல்லைகள் எவையும் இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் வட ஆப்பிரிக்க மணலில் ஓடிய ஆர் 75 வண்டியில், பக்கவண்டியின் சக்கரத்துக்கும் விசை கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. ஆனால் அதன் எடை 400 கிலோவைத் தாண்டியிருந்தது.

ஓய்வு நேரத்தில் காடுமேடுகளில் வண்டி ஓட்டுவதில் ஆசை கொண்ட ஊழியர் சிலர் அக்கம்பெனியின் பரிசோதனைப் பிரிவில் இருந்தது, பிற்காலத்தில் அதற்கே பெரும் பாக்கியமாயிற்று. அவர்களுள் லாஸ்லோ பெரெஸ் என்பவர், 1970-களின் பிற்பகுதியில், 800 சி.சி. பாக்ஸர் என்ஜினைக் கொண்டு, வேண்டாதவற்றையெல்லாம் விலக்கி, 124 கிலோ மட்டுமே எடையுள்ள ஒரு பந்தய வண்டியை உருவாக்கி, 1978-ல் ஜெர்மன் கரடுமுரடு நிலப் பந்தயத்தில் அதன் திறமையை நிரூபித்தார். அதே சமயம் ஜப்பானிய வண்டிகளின் போட்டியால் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் விற்பனை மிகவும் தளர்ந்திருந்தது. புதிய என்ஜின் ஒன்றை உருவாக்க நீண்ட காலமும் பெரும் பணமும் வேண்டும். கையிலிருக்கும் உறுப்புகளைக் கொண்டு, எவரும் செய்யாத ஒன்றை விரைவில் செய்தாக வேண்டும் என்ற நெருக்கடியில், நிர்வாகத்தின் பார்வை பெரெஸ் போன்றோரின் வண்டிகள்மேல் விழுந்தது.

அவ்வாறு இரண்டாண்டுக்கும் குறைவான காலத்தில் உருவாகி, 1980 செப்டம்பரில் வெளிவந்ததே ஆர் 80 ஜி/எஸ். காட்டுநிலம், சாலை ஆகிய இரண்டையும் குறிக்கும் ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துக்களே அதன் பெயராயின. 797 சி.சி. என்ஜின், 50 குதிரைசக்தி, பெட்ரோல் நிரப்பிய நிலையில் 186 கிலோ எடை. மேட்டையும் பள்ளத்தையும் உருண்டு கடப்பதற்கு ஏற்ற 21 அங்குல முன்சக்கரம். கல்லிலும் நீரிலும் படாதபடி உயரத் தூக்கி வைத்த சைலன்சர். இத்தனைக்கும் நெடுஞ்சாலையில் மணிக்கு 168 கிலோமீட்டர் வேகம். அதன் பின்பகுதியைச் சற்று நெருங்கிப் பார்த்தல் தகும். சாதாரண வண்டிகளில் பின்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் இரண்டு கைகளுக்குப் பதிலாக, அதில் வலப்புறம் மட்டும் ஒரே கை இருந்தது. சுழலும் தண்டு அக்கையின் உள்ளேயே ஓடிற்று. இடப்புறம் முற்றிலும் திறந்திருந்தமையால், டயர் பஞ்சராகும் சமயத்தில் மூன்றே போல்ட்டுகளைக் கழற்றி, மோட்டார் கார்ச் சக்கரத்தைப் போலவே பின்சக்கரத்தை எடுத்துவிடலாம். பழைய ஏற்பாட்டைவிட எடையும் இதில் குறைவாக இருந்தது. ஒரே மாற்றத்தால் பாரமும் குறைந்து உபயோகமும் பெருகியது. யந்திரக் கலையில் இதைவிட உயர்ந்த சாமர்த்தியம் இருக்க முடியாது.

இந்த வண்டிக்குப் புகழ் தேடித் தந்தது ஆப்பிரிக்கப் பாலைவனம். 1977-ல் அபிஜான்-நீஸ் பந்தயத்தில் லிபியப் பாலைவனத்தில் வழி தவறி, உயிருக்கு மன்றாடி மீண்ட தியெரி சபீன் என்னும் பிரெஞ்சுக்காரர், அம்மணற்பரப்பின் மீது கொண்ட பேராவலால், பாரிஸிலிருந்து செனெகல் நாட்டின் டாகார் நகருக்கு ஒரு பந்தயத்தை ஏற்படுத்தினார். 1978 டிசம்பர் 26-ல் தொடங்கிய முதல் பந்தயத்தில், ஒற்றைச் சிலிண்டர் யமஹா வண்டியில் சென்ற சிரில் நெவூ வெற்றி பெற்றார். கனத்த பாக்ஸர் வண்டி மணலில் புதைந்துபோகும் என்று கருதியவர்களுக்கு மறுமொழியாக, 1981-லும் 1983-லும் உபேர் ஓரியோல் அதே பாக்ஸரில் வென்றார். 1984-லும் 1985-லும் வென்ற பெல்ஜிய வீரர் காஸ்தோன் ராய்யே குள்ளமான மனிதர். பெரும் டேங்கைச் சுமந்த பந்தய வண்டியின் மேல் அமர்ந்தால் அவருடைய பாதங்கள் தரையைத் தொடா. ஓடும்வரை அவருக்கு நிகரில்லை, நிறுத்தும்போதுதான் சங்கடம். உயரமும் எடையும் சேர்ந்து மனிதனைச் சோதிக்கும் இந்தச் சிக்கல், இவ்வகை வண்டிகளை இன்றுவரை விட்டகலவில்லை.

அடுத்து நிபுணர்களை வருத்தியது, சுழலும் தண்டுக்கே உரிய ஒரு தோஷம். ஓட்டுபவர் ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது, தண்டின் முனையிலுள்ள சிறிய பல்சக்கரம் பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தின் மேல் ஏற முயலும். அந்த எதிர்விசையால் வண்டியின் பின்பகுதி எழும்பி சஸ்பென்ஷன் இறுகிப் போகும். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் தாழும். வளைவிலோ பள்ளத்திலோ இது நேர்ந்தால் டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்புக் கெடும். 1987-ல் வந்த ஆர் 100 ஜி.எஸ். வண்டியில் பாராலீவர் என்னும் உபாயத்தால் இக்குறை பெரிதும் நீங்கியது. பின்கையில் இரண்டு மூட்டுகளை அமைத்து, அதற்கு இணையாக இன்னொரு கம்பியையும் பொருத்தியதால், மேலெழுப்பும் அவ்விசையைக் கம்பி தாங்கிக்கொண்டது. ஆரக்கால்களை வளையத்தின் நடுவில் கோக்காமல் ஓரங்களில் கோத்ததும் அவ்வண்டியின் விசேஷமே. காற்றுக் கசிய வழியில்லாமையால், ஆரக்கால் சக்கரத்திலும் டியூப்லெஸ் டயர் போட முடிந்தது. எடை இப்போது 210 கிலோ.

ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று கனத்துக்கொண்டே வந்தது. 1993-ல் அறிமுகமான ஆர் 1100 ஜி.எஸ்., நான்கு வால்வு சிலிண்டர்களும், பெட்ரோலை அளந்து தெளிக்கும் மின்னணு ஏற்பாடும், 80 குதிரைசக்தியும் கொண்டு வந்தது. முன்சக்கரத்தின் டெலிலீவர் அமைப்பில், ஃபோர்க்கின் பாரத்தை நடுவிலுள்ள ஒரு தனிக் கையும் ஷாக் அப்சார்பரும் ஏற்றுக்கொண்டமையால், பிரேக் பிடிக்கும்போது மூக்குக் குப்புறத் தாழும் குணம் குறைந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கை வேண்டுவோர் பெறலாம். சரளையில் சக்கரம் சற்று வழுக்கிப் பள்ளம் பறித்தால்தான் வண்டி நிற்கும் ஆதலால், அதை அணைத்து வைக்கவும் வசதி இருந்தது. ஆனால் எடை 243 கிலோவுக்கு ஏறிவிட்டது. காட்டுநிலத்துக்கெனப் பிறந்த வண்டி சாலைப் பிரயாணிகளின் செல்வமாக மாறியது அப்போதுதான். 1999-ல் வந்த ஆர் 1150 ஜி.எஸ். 249 கிலோ. நடிகர் யூவன் மக்ரெகரும் நண்பர் சார்லி பூர்மனும் 2004-ல் லண்டனிலிருந்து சைபீரியா வழியாக நியூயார்க் வரை சென்றபோது ஓட்டிய வண்டிகள், 30 லிட்டர் டேங்க் பொருத்திய அதன் இன்னும் கனத்த வடிவமே. அப்பிரயாணம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, இவ்வகை வண்டிக்கு உலகெங்கும் ரசிகர்களைச் சேர்த்துத் தந்தது.

அந்த 2004-லேயே நிபுணர்கள் விழித்துக்கொண்டார்கள். புதிய ஆர் 1200 ஜி.எஸ். வண்டியில் சக்தி சுமார் 100 குதிரைக்கு உயர்ந்தும், எடை 225 கிலோவுக்கு இறங்கியது. 2013-ல் சிலிண்டர்களின் சூட்டைத் தணிக்கக் காற்றோடு நீரும் துணை சேர்க்கப்பட்டது. சக்தி 125, எடை 238. 2019 மாதிரியான ஆர் 1250-ல் எடை மறுபடியும் 249 ஆயிற்று. 2023 செப்டம்பரில், கம்பெனி மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கி நூறாண்டு நிறைந்த தருணத்தில் வந்த ஆர் 1300 ஜி.எஸ்., கியர்ப்பெட்டியை என்ஜினுக்குக் கீழே ஒடுக்கி வைத்து, 145 குதிரைசக்தியை 237 கிலோவுக்குள் அடக்கியது. வண்டியின் சாய்வை நொடிதோறும் அளந்து பிரேக்கையும் சக்கரச் சுழற்சியையும் கட்டுப்படுத்தும் கருவிகளும், முன்னே செல்லும் வாகனத்தை உணரும் ராடாரும் இன்றைய பெரிய வண்டிகளில் சாதாரணமாகிவிட்டன. அவற்றுள் என் மனத்தை அதிகம் கவர்வது ஆர் 1300-க்குக் கிடைக்கும் ஓர் ஏற்பாடு: நிற்கப் போகும் வண்டி தானே 30 மில்லிமீட்டர் தாழ்ந்துகொடுத்து, ஓடத் தொடங்கியதும் எழுந்துகொள்கிறது. ராய்யே போன்றோர் பட்ட சங்கடத்துக்குப் பரிகாரம் கிடைக்க ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின.

இந்தப் பரம்பரையின் ஒரு கிளை தமிழ்நாட்டில் தழைத்திருப்பது நாம் மகிழத்தக்க செய்தி. 2013-ல் பி.எம்.டபிள்யூ. கம்பெனியும் நம் டி.வி.எஸ். கம்பெனியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, ஓசூர் தொழிற்சாலையில் ஜி 310 ஜி.எஸ். என்னும் சிறிய வண்டி உருவாயிற்று. 313 சி.சி. என்ஜின், ஒற்றைச் சிலிண்டர், 34 குதிரைசக்தி. தண்டு இல்லை, செயின்தான். அதன் சிலிண்டர் பின்புறம் சாய்ந்திருக்கும். காற்று முன்புறமாக நுழைந்து, புகை பின்புறமாக வெளியேறும். பிற வண்டிகளில் பெரும்பாலும் காணும் முறைக்கு இது நேர் எதிரானது. என்ஜின் இவ்வாறு முன்னோக்கி ஒடுங்கியதால், வண்டியின் மொத்த நீளம் கூடாமலே பின்கையை நீளமாக அமைத்து, நிலையான ஓட்டத்தைப் பெற முடிந்தது. முதன்முதலில் வெளிவந்தபோது அதன் எடை சுமார் 170 கிலோ. அதாவது, 1980-ன் மூல வண்டியைவிடவும் லேசானது. பெரிய வண்டிகளில் கோடிக்கணக்கான கணக்குகளை நொடியில் போடும் கருவிகளால் சாதிக்க முயல்வதில் ஒரு பகுதியை, ஓசூர் வண்டி தன் சிறுமையாலேயே சாதித்துவிடுகிறது.

நூறாண்டுக் கதையை ஒருங்கே வைத்து நோக்குங்கால், மதிக்கத்தக்க முன்னேற்றங்களாக எஞ்சுபவை, ஒரு சௌகரியத்தைக் கொடுத்து அதற்கு ஈடாக ஒரு பாரத்தையும் ஏற்றிய மாற்றங்கள் அல்ல. குறுக்கே திரும்பிய என்ஜின், ஒற்றைப் பின்கை, ஓசூரில் பின்சாய்ந்த சிலிண்டர் ஆகியவற்றைப் போல, இருக்கும் உறுப்பின் இடத்தையோ வடிவத்தையோ மாற்றியே புதிய பலனை ஈட்டிய யோசனைகள்தாம். ஆகவே, இத்தகைய வண்டி வாங்க எண்ணும் இளைஞர்கள், குதிரைசக்தியையும் மின்னணு வசதிகளின் பட்டியலையும் பார்ப்பதற்கு முன்னால், பெட்ரோல் நிரப்பிய அதன் எடை என்ன என்று கேட்கட்டும். மனித நடமாட்டம் இல்லாத மலைப்பாதையில் வண்டி சரிந்துவிட்டால், அதைத் தாம் ஒருவராகவே தூக்கி நிறுத்த முடியுமா என்று தம்மையும் கேட்டுக்கொள்ளட்டும். முடியும் என்று சொல்லக்கூடிய வண்டியே அவர்களைப் பத்திரமாக வீடு கொண்டு சேர்க்கும் வண்டி.