கால்வாய்ப் படகும் அதன் பேணுகையும்: பக்கிங்காம் கால்வாயை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

சித்தூர், திருப்பதி என்னும் பெயர்களைக் கேட்டவுடன் தமிழாய்வாளர் நெஞ்சில் எழுவன மலையும் கோயிலும் கல்வெட்டுமே ஆகும். வேங்கடத்தை வட எல்லையாகக் கொண்ட தமிழ் மரபு இந்நிலப்பகுதியை மலை நாடாகவே போற்றி வந்துள்ளது. எனினும் திருக்காளத்தியைத் தழுவி ஓடும் பொன்முகலி இறுதியில் வங்கக் கடலையே சென்றடைகிறது. கடலை எட்டுமுன் அது கரையோரமாகத் தென்வடலாய் வெட்டப்பட்ட ஒரு கால்வாயைக் கடக்கிறது. அதுவே பக்கிங்காம் கால்வாய். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது, அதுவரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த சூளூர்ப்பேட்டை, தடா, ஸ்ரீஹரிக்கோட்டா ஆகிய பகுதிகள் அதனுடன் இணைந்தன. ஆகவே கால்வாய்ப் படகின் வரலாறு இன்று திருப்பதி வட்டார வரலாற்றின் ஒரு கூறாகவும் ஆகிறது.

இக்கால்வாயை வெட்டியவர், பெயர் சூட்டியவர், ஆண்டவர் ஆகியோரைப் பற்றிய செய்திகள் பலராலும் எழுதப்பட்டுள்ளன. கால்வாயில் ஓடிய படகை உடைமையாகக் கொண்டு பேணியவரைப் பற்றிய சிந்தனை அருகியே காணப்படுகிறது. படகைப் பேணுதல் என்பது எத்தகைய செயல், அது யார் யார் கடமையாக இருந்தது என்பனவற்றை இலக்கியச் சான்றுகளின் துணையோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்க இலக்கியத்தில் படகுப் பேணுகை

கழிகளில் சரக்கேற்றிச் செல்லும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, உப்பை விற்று அதற்கு ஈடாக நெல் ஏற்றி வந்த படகுகளைக் காட்டுகிறது. அப்படகுகளைப் ‘பஃறி’ என்னும் சொல்லாற் குறிக்கும் புலவர், கொட்டிலில் கட்டிய குதிரைகளைப் போல அவை வரிசையாகப் பிணிக்கப்பட்டிருந்தன என்கிறார். படகைக் குதிரையோடு ஒப்பிட்டமை அழகு கருதியது மட்டுமன்று. குதிரை தீனியும் கவனிப்பும் வேண்டும் உடைமை. படகும் அத்தகையதே என்னும் உணர்வு இவ்வுவமையில் அடங்கியுள்ளது.

இவ்வுணர்வை இன்னும் தெளிவாகக் காட்டுவது நற்றிணை 315-ஆம் பாடல். அம்மூவனார் பாடிய இந்நெய்தற் பாட்டில், மூத்துத் தொழிலுக்கு உதவாது போன அம்பி ஒன்று இடம்பெறுகிறது. நன்கு உழைத்துத் தளர்ந்த எருதை உழவர் புல்லுள்ள தோட்டத்தில் விட்டுவிடுவது போல, அந்த அம்பியைப் புன்னை நிழலில் மரத்தின் அடியிற் கட்டிவைக்கின்றனர். அதற்கு இனி நறும்புகை கொடுப்பதில்லை என்பதையும் புலவர் குறிக்கிறார். தொழிலில் இருந்த காலத்தில் படகிற்குப் புகை கொடுக்கும் வழக்கம் இருந்தது என்பது இதனால் புலனாகிறது. இப்புகையை வழிபாட்டுச் செயலாகக் கொள்வதே பொருத்தம் எனினும், உடைமையாளன் தன் படகை இடைவிடாது கவனித்துவந்த ஒழுங்கின் அடையாளமாகவும் அதனைக் கருத இடமுண்டு. உடைந்த படகை விறகாக்காமல் நிழலிற் கட்டிய செயல், படகை வெறும் மரமாகக் கருதாத மனநிலையைக் காட்டுகிறது.

கால்வாயின் தோற்றமும் வளர்ச்சியும்

1806-ஆம் ஆண்டளவில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை முதற் பகுதி வெட்டப்பட்டது. அதற்குப் பொருளுதவி செய்த பேசில் காக்ரேன் பெயரால் அது காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. பின்னர் அது பழவேற்காட்டு ஏரி வரை நீண்டது. 1837-இல் அரசு அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் விரிவுபடுத்தியது. 1876–78 காலத்துப் பெரும் பஞ்சத்தின்போது, சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கி.மீ. பகுதி பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயர் 1878-இல் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. வடக்கே பெத்தகஞ்சாம் முதல் தெற்கே மரக்காணம் வரையிலான ஏறத்தாழ 420 கி.மீ. நீளத்தில் 257 கி.மீ. இன்றைய ஆந்திரத்திலும் 163 கி.மீ. தமிழகத்திலும் அமைந்துள்ளன. பொறியாளர் ஏ.எஸ். ரசல் 1898-இல் இத்திட்டத்தின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார்.

நெல்லும் உப்பும் விறகும் இக்கால்வாய் வழியே சென்றன. ஸ்ரீஹரிக்கோட்டாக் காடுகளின் விறகு சென்னை நகரின் அடுப்புகளுக்குப் படகிலேயே வந்தது. பட்டினப்பாலை காட்டும் உப்பு–நெல் வாணிகம் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் இக்கடற்கரையில் தொடர்ந்தமை கருதத்தக்கது.

உடைமையாளரின் பொறுப்பு

கால்வாய்ப் படகை வைத்திருப்பவருக்குச் செலவு இருவகைப்பட்டது. முதலாவது அரசுக்குச் செலுத்துவது. 1890-ஆம் ஆண்டின் சென்னைக் கால்வாய்கள், பொதுத் துறைகள் சட்டம் கால்வாயில் ஓடும் படகுகளுக்கான உரிமத்தையும் சுங்கத்தையும் ஒழுங்குபடுத்தியது. இரண்டாவது, படகின் மரத்திற்கே செலவிடுவது. இக்கால்வாயின் நீர் பெரும்பாலும் உவர்நீர். ஆற்று முகத்துவாரங்களின் வழியே புகும் கடல் ஓதமே அதன் நீர்மட்டத்தைத் தாங்குகிறது. உவர்நீரில் மரத்தைத் துளைக்கும் புழு, பேணாத பலகையை உள்ளிருந்தே அரித்துவிடும். நீர் வற்றிப் படகு சேற்றில் தரைதட்டி நின்றால் வெயிலில் பலகை சுருங்கி இணைப்புகள் வாய்விடும். எனவே மரப்படகைக் காலந்தோறும் கரையேற்றிக் காயவைத்து, ஒட்டியவற்றைச் சுரண்டி, பலகை இடுக்குகளில் நார் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூச வேண்டும். இடுக்கடைக்கும் இத்தொழிலைத் தமிழில் கலப்பற்று என்பர். கரையில் நிற்கும் நாட்களில் படகிற்கு வருவாய் இல்லை. கரையேற்றாமல் விட்டாலோ படகே இல்லை. உடைமையாளரின் கணக்கு இவ்விரண்டிற்கும் இடையே அமைந்தது.

கலங்கட்டுதல் பற்றிய தமிழ் நூல்களாகக் கப்பல் சாத்திரம், நாவாய் சாத்திரம் ஆகியவை அச்சேறியுள்ளன. மரத்தேர்வு, அளவு, நற்குறி, தீக்குறி ஆகியவற்றை அவை பேசுகின்றன. எனினும் அவற்றின் நோக்கம் கடற்கலமே. கழியிலும் கால்வாயிலும் ஓடிய படகின் தொழில்நுட்பம் ஏட்டில் ஏறாமல், தொழிலாளர் கையிலும் வாயிலுமே வாழ்ந்தது எனலாம்.

இழுப்போர் உழைப்பு

பாவேந்தர் பாரதிதாசன் 1934-இல் தோழர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்திற்கு இக்கால்வாய் வழியே சென்ற பயணம் ‘மாவலிபுரச் செலவு’ என்னும் பாடலாயிற்று. நீரின் அழகையும் வெயிலின் ஒளியையும் பாடிவந்த கவிஞர் இடையில் ஒரு காட்சியைக் கண்டு நின்றுவிடுகிறார். ஓர் ஆள் தோணிக் கயிற்றைத் தோளிலிட்டுக் கரைவழி நடந்து இழுக்கிறான். வேறொருவன் பின்புறத்தில் முதுகு வளைந்து கோலூன்றித் தள்ளுகிறான். தொழிலாளர் தோள்துணையின்றி எவரும் இன்பக்கரை ஏற இயலாது என்னும் முடிவுக்குக் கவிஞர் வருகிறார்.

வரலாற்று நோக்கில் இப்பாடல் இரண்டு உண்மைகளுக்குச் சான்றாகிறது. கால்வாயின் தென்பகுதியில் 1934-இலும் படகை நகர்த்தியது மனித உழைப்பே என்பது ஒன்று. படகு ஓட நீர் மட்டும் போதாது, இழுப்பவர் நடப்பதற்குக் கரையும் செம்மையாக இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. பட்டினப்பாலை கட்டப்பட்ட படகையும் சரக்கையும் காட்டிற்று. நற்றிணை ஓய்வுபெற்ற படகைக் காட்டிற்று. படகை இழுப்பவனின் தோளைக் காட்டியது பாவேந்தரின் பாடலாகும்.

வீழ்ச்சியின் காரணம்

இருப்புப்பாதையின் வருகையே கால்வாய்ப் படகை வீழ்த்தியது என்பது பொதுவான கருத்து. அதில் உண்மை உண்டு. சென்னைக்கும் விசயவாடாவுக்கும் இடையே 1899-இல் இருப்புப்பாதை இணைந்தபின் தொலைதூரச் சரக்கு அப்பாதைக்கு மாறத் தொடங்கியது. ஆயினும் அதன் பின்னும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் படகுகள் ஓடின என்பதை மறத்தலாகாது. விறகு, உப்பு போன்ற கனத்த, மலிவான சரக்கிற்குக் கால்வாய் தொடர்ந்து பயன்பட்டது. போட்டி படகின் வருவாயைக் குறைத்தது. படகை அடியோடு நிறுத்தியது வேறு.

பொன்முகலி போன்ற ஆறுகள் வடகிழக்குப் பருவமழையில் கொண்டுவரும் மணல் கால்வாயைத் தூர்க்கும். முகத்துவாரம் அடைபட்டால் ஓதம் புகாது; ஓதம் இல்லையேல் ஆழம் இல்லை. ஆகவே ஆண்டுதோறும் தூர்வாருதல் இன்றியமையாதது. 1965, 1966 ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைப் பெரிதும் சிதைத்தன. அச்சிதைவு முழுமையாகச் சீர்செய்யப்படவில்லை. எத்துணை நன்றாகக் கலப்பற்றுச் செய்த படகாயினும் தூர்ந்த கால்வாயில் அதனால் பயனில்லை. தன் கடமையைச் செய்த உடைமையாளரும் பிறர் செய்யாத பேணுகையால் தம் உடைமையை இழந்தனர் என்பதே இங்கு வற்புறுத்தத்தக்கது. பின்னர்ச் சென்னை நகரில் கால்வாயின் ஒரு பகுதியிலேயே பறக்கும் இரயில் பாதையின் தூண்கள் எழுந்தன. 2008-இல் இக்கால்வாய் தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவிக்கப்பட்டும் பழைய சரக்குப் போக்குவரத்து மீளவில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால், கால்வாய்ப் படகின் பேணுகை மூவரைச் சார்ந்தது என்பது பெறப்படுகிறது. மரத்தைப் பேணுபவர் உடைமையாளர். நீரையும் கரையையும் பேண வேண்டியது அரசு. ஓட்டத்தைத் தாங்குபவர் இழுக்கும் தொழிலாளர். இம்மூன்றில் ஒன்று முறிந்தாலும் படகு நிற்கும். பக்கிங்காம் கால்வாயில் இறுதியாக முறிந்தது இரண்டாவதாகும்.

படகு மறைந்தபின் அதன் சொற்களும் மறைகின்றன. கட்டுமானம், கலப்பற்று, கயிறு, கோல், ஓதம் ஆகியவை பற்றிய சொற்கள் பழவேற்காடு, தடா, சூளூர்ப்பேட்டைப் பகுதிகளின் முதியோர் நினைவில் எஞ்சியிருத்தல் கூடும். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில், தமிழ்ப் ‘படவு’, தெலுங்குப் ‘படவ’ என ஒரே கலத்திற்கு இருமொழியிலும் நெருங்கிய பெயர் வழங்குவது ஆய்வுக்கு நல்ல தொடக்கப் புள்ளியாகும். இச்சொற்களைக் களப்பணி வழித் தொகுத்தல், வேங்கடத்தைச் சூழ்ந்த பகுதிகளில் பணியாற்றும் தமிழ்த்துறையினரின் உடனடிக் கடமை. நற்றிணைக் காலத்தவர் உழைத்து ஓய்ந்த அம்பிக்கு ஒரு நிழலேனும் அளித்தனர். பக்கிங்காம் படகிற்கு நாம் அளிக்கக்கூடியது ஒரு சொல்லடைவேனும் ஆகுக.