நிழற்படமும் நிலவுடைமையும்: யாழ்ப்பாணத்து உழைப்பாளர் குடியிருப்புகள் பற்றிய ஒரு நோக்கு

நிழற்படம் உண்மையை உள்ளவாறே காட்டும் என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். ஆயின், எவர் எதனை எந்நோக்கிற்காகப் படமெடுத்தனர் என்ற வினாவை எழுப்பியதும் அக்கருத்தின் போதாமை புலனாகிவிடுகிறது. உழைப்பாளரின் சிதைந்த குடியிருப்புகளைப் பதிவுசெய்த தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று கிளாஸ்கோ நகரிலே நிகழ்ந்தது. 1866ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் இடிக்கப்படவிருந்த சந்துகளைத் தோமஸ் அனன் 1868 முதல் 1871 வரை படம்பிடித்தார். அவரைப் பணித்தது, இடிக்கும் பொறுப்பை ஏற்றிருந்த அமைப்பேயாகும். அங்கு வாழ்ந்தோர் பின்னர் எங்குச் சென்றனர் என்பதை அப்படங்கள் கூறா.

அதே காலப்பகுதியில், 1870–71இல், யோசப் லோட்டன் இலங்கை அரசாங்கத்தின் பணிப்பில் அநுராதபுரம், பொலன்னறுவை ஆகியவற்றின் இடிபாடுகளைப் படமெடுத்தார். குடியேற்ற ஆட்சியினருக்கு மன்னரின் இடிபாடு ஆவணத்துக்குரியதாயிற்று. உழைப்பவனின் குடிசை அவ்வாறாகவில்லை. பின்னர் விற்பனைக்கு வந்த அஞ்சலட்டைகளிலே கள்ளிறக்குவோரும் மீனவரும் இடம்பெற்றனர். பெயருடைய மனிதராக அன்று, தொழிலின் 'மாதிரி'களாகவே.

யாழ்ப்பாணத்திலே குடிசையின் வறுமை நில உறவின் விளைவாகும். தாழ்த்தப்பட்டோரிற் பலர் பிறர் காணியிலே குடியிருந்தனர். காணிக்காரர் சினந்தால் குடியெழும்ப வேண்டியிருந்தது. கிணற்றை உதாரணமாகக் கொள்வோம். கிணற்றுக்கட்டையும் துலாவையும் கமரா துல்லியமாகக் காட்டும். அங்கு நீர் அள்ளும் உரிமை எவருக்கு மறுக்கப்பட்டது என்பதை அது தானாகக் காட்டாது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் நிறைவேறிய பின்னரும், 1960களிலே தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் சமத்துவத்திற்காகப் போராட வேண்டியிருந்தமையை நாம் அறிவோம்.

வறுமையை இரசனைப் பொருளாக்கும் நிழற்படக் கலையை வோல்டர் பெஞ்சமின் 1934இலே கண்டித்தார். படத்தோடு சேரும் எழுத்துக்குறிப்பே அதற்கு அரசியற் பயன்பாட்டை அளிக்கும் என்பது அவர் கருத்து. யாழ்ப்பாணத்திலே அக்குறிப்பை எழுதியோர் முற்போக்கு எழுத்தாளராவர். டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' (1960), கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) ஆகியவற்றை இவ்வகையில் நோக்கலாம். இவ்விருவரும் ஒடுக்குமுறையை வெளியே நின்று நோக்கியவரல்லர். அதனை அனுபவித்த மக்களிடையே தோன்றியவர்கள். எனினும் இலக்கியம் நிழற்படத்திற்கு முற்றிலும் ஈடாகாது. குடிலின் அகலம், கூரையின் உயரம், முற்றத்தின் எல்லை போன்ற பௌதிக விபரங்களைக் கதாசிரியன் தன் தேவைக்கேற்பவே தெரிந்தெடுக்கிறான். ஆகவே இரண்டும் ஒன்றையொன்று வேண்டி நிற்பன.

இது கடந்தகாலம் பற்றிய ஆய்வுப் பிரச்சினை மட்டுமன்று. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தனர். போர் 2009இல் முடிந்த பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. ஆயின், முன்னரே காணியற்றிருந்தோருக்கு விடுவிக்கப்படுவதற்கு எதுவும் இருக்கவில்லை. முகாம்களில் நீண்டகாலம் தங்க நேர்ந்தவர்களில் இத்தகையோர் கணிசமானவர். அம்முகாம்களின் தகரக் கூரைகளைப் படமெடுத்து, 'போரினால் இடம்பெயர்ந்தோர்' என்று மட்டும் கீழே எழுதினால் அது பொய்யாகாது. ஆனால் பாதி உண்மையே ஆகும். போருக்கு முன்பிருந்த நிலமின்மையும் சாதியமும் அக்குறிப்பிலே மறைக்கப்படுகின்றன.

எனவே, இக்குடியிருப்புகளின் படங்களைச் சேகரிக்க முனையும் ஆய்வாளர், ஒவ்வொரு படத்தோடும் அக்காணி எவருடையது, நீர் எங்கிருந்து வந்தது, குடியிருந்தோர் எத்தனை தடவை எழுப்பப்பட்டனர் என்பவற்றையும் அம்மக்களின் வாய்மொழியாகவே பதிவுசெய்தல் வேண்டும். வறுமையைக் காட்டுவது எளிது. அதன் காரணத்தைக் காட்டும்போதே படம் வரலாற்றுச் சான்றாகிறது.