பாலிங் காடும் ஜித்ரா தோட்டமும்

ஊர்கூடி வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் எல்லையைப் போட்டால், "இது எந்த வகை?" என்பதையும் சொல்லியாக வேண்டும். நாட்டுக்கு நிலை எண் 2, கெடா மாநிலத்துக்கு 4, ஜித்ரா இருக்கும் குபாங் பாசு மாவட்டத்துக்கு 6. பெரிய சட்டிக்குள் சின்னச் சட்டி. இந்த அடுக்கில் உட்காராத எல்லைகள் கெடாவில் இரண்டு உண்டு. ஒன்று, பாலிங் மாவட்டம் லுபோக் உலு லெகோங்கில் வாழும் கென்சியு பூர்வக்குடிகளின் நிலம். மற்றது, நம் ரப்பர்த் தோட்டங்கள்.

கென்சியு மக்கள் சில நூறு பேர்தான். அவர்கள் மொழி தாய்லாந்தின் யாலா மாகாணத்திலும் பேசப்படுகிறது. 1909இல் சயாம் கெடாவை பிரிட்டிஷாரிடம் விட்டுக்கொடுத்தபோது போட்ட கோடு, அந்த மக்களின் காட்டைக் கேட்டுப் போட்டதல்ல. ஆகவே மாநிலம், மாவட்டம் என்ற அடுக்கு அவர்களுக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் நவஹோ மக்களின் நிலமும் இப்படித்தான், மூன்று மாநிலங்களில் கிடக்கிறது. இத்தகைய நிலங்களுக்கென்று வரைபடக்காரர்கள் 'அபாரிஜினல் லேண்ட்ஸ்' என்றொரு தனி வகை வைத்திருக்கிறார்கள். இன்னொரு வழியும் உண்டு: 'பாதுகாக்கப்பட்ட பகுதி' என்று போட்டு 24ஆம் எண் கொடுப்பது. அதே வரிசையின் முதல் ஆறு எண்கள் தேசியப் பூங்கா, சரணாலயம் போன்றவற்றுக்கு. மனிதரையும் புலியையும் ஒரே பேரேட்டில் ஏற்றுவது எனக்கு ஒப்பவில்லை. தனி வகைதான் சரி.

வகை கிடைத்துவிட்டது, கோட்டை எங்கே போடுவது? 1954ஆம் ஆண்டுப் பூர்வக்குடிச் சட்டப்படி மாநில அரசு அரசிதழில் அறிவித்த இடம் ஒன்று. வேட்டைக்கும் பிரம்புக்கும் மருந்துக்கும் அவர்கள் நடந்து திரியும் 'ராயாவ்' காடு வேறொன்று. நீதிமன்றங்களே இதில் ஒரே கோட்டில் நிற்கவில்லை. ஜொகூர் லிங்கியு நீர்த்தேக்கத்துக்காகக் காட்டை இழந்த ஜாகுன் மக்களின் வழக்கில் (அடோங் குவாவ், 1997) உணவு தேடித் திரிந்த காட்டுக்கும் இழப்பீடு கிடைத்தது. டெங்கிலில் நெடுஞ்சாலைக்கு நிலம் பறிபோன தெமுவான் மக்களின் சாகோங் தாசி வழக்கில் (2002) குடியிருப்பு நிலம் அவர்களுடையது என்றார்கள். திரிந்த காடு முழுவதும் அல்ல என்றும் சொன்னார்கள். நீதிபதிகளே தடுமாறிய இடத்தில், கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் தன்னார்வலர் கோடு போடுகிறார்.

தோட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அளந்து, கல் நட்டு, பட்டா வாங்கிய நிலம் அது. உள்ளேயும் எல்லாம் எல்லைதான்: டிவிஷன், நம்பர் போட்ட காடு, ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை. விடியுமுன் நெற்றி விளக்கோடு மரம் சீவப் போகிறவருக்குத் தன் நிரையின் கடைசி மரம் எதுவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. லயம், பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, ஓரத்தில் காவலுக்கு முனீஸ்வரர். பல தோட்டங்களில் துரையின் வரைபடத்தைவிட அந்தச் சாமிதான் நம்பகமான எல்லைக்கல்.

ஆனால் பட்டா இருப்பதாலேயே அந்தக் கோடு விலைபோகும். ஐம்பதுகளில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில் பெருந்தோட்டங்கள் சிறு சிறு துண்டுகளாகக் கைமாறின. அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். அப்படி மீட்கப்படாத எத்தனையோ இடங்களில் செம்பனையும் தாமான் வீடுகளும் வந்துவிட்டன. கோடு போனது, பெயர் போகவில்லை. ஜித்ராவின் லாடாங் பாயா கமுந்திங் தமிழ்ப்பள்ளியைப் பாருங்கள். நாடெங்கும் தோட்டமே இல்லாத இடத்திலும் பள்ளிப் பெயரில் 'லாடாங்' (மலாயில் தோட்டம்) ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகவே இரண்டையும் ஒரே வகையில் அடைப்பது தவறு. பூர்வக்குடி நிலத்தின் கோட்டுக்குப் பத்திரம் இல்லாவிட்டாலும் அதற்குள் மக்கள் இருக்கிறார்கள். அதை எல்லையாகவே வரைய வேண்டும், அவர்களைக் கேட்டு. மூலிகை இடத்தையும் இடுகாட்டையும் ஏற்றவே கூடாது. பொதுவில் போன தரவு திரும்பி வராது. தோட்டத்துக்கு எல்லை வகை வேண்டாம். இன்றும் மரம் நிற்கிறதென்றால் நிலப்பயன்பாடாகக் காட்டலாம். மரம் போய்ப் பெயர் மட்டும் வழங்குகிறதென்றால் ஒரு புள்ளி, அதன்மேல் பெயர். களத்தில் சரிபார்க்க முடிவதைத்தான் ஏற்ற வேண்டும் என்பது அந்த வரைபடத்தின் விதி. பழைய எல்லைக்கு அங்கே இடமில்லை. வாயில் வழங்கும் பெயருக்கு உண்டு.

அந்தப் பெயரைத் தமிழில் எழுத 'நேம்:டிஏ' என்றொரு கட்டம் இருக்கிறது. ஜித்ராவிலோ சாங்லூனிலோ மரம் சீவிய பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் சொல்லும் பெயரை இந்த வாரமே அதில் ஏற்றிவிடுங்கள்.